சகலைகளும் ஓவர்டிரைவும்

பேக்கரியில் ராத்திரி வேலை முடிந்து, சட்டையெல்லாம் மாவு வாடையோடு ரொட்டிக்காரர் வீட்டுக்கு வந்தபோது, ஆபீசர் இவருடைய காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியை ரொட்டிக்காரரின் மனைவியிடம் கேட்டு வாங்கி, கதவைத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, காலையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சகலை, வாங்க. நேரமாச்சு. போற வழியில டிரெய்லர வேற எடுக்கணும்" என்றார், தன் வீட்டுக்கு வந்தவரை வரவேற்பது போல.

ரொட்டிக்காரருக்குக் கண் இரண்டிலும் மணல் போட்ட மாதிரி இருந்தது. உள்ளே போய் முகத்தைக் கழுவினார். மனைவி கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார்.

"கொஞ்சம் படுத்து எழுந்து போகக் கூடாதா?" என்றாள் மனைவி.

"உங்க அக்கா வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தாச்சு. இனி அவர இறக்கணும்னா கிரேன்தான் வரணும்."

மனைவி சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, "குட்டிகிட்ட ஏன் எதுக்குன்னு எதுவும் கேட்காதீங்க. அவளா சொன்னா சொல்லட்டும்" என்றாள். அப்புறம் வாசல் பக்கம் பார்த்து, "அவர்கிட்டயும் சொல்லி வைங்க" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் நகராட்சி அலுவலகத்தில் மேற்பார்வை வேலை பார்த்ததால் எல்லாருக்கும் ஆபீசர். அலுவலகத்தில் பார்த்தது போதாமல் வீட்டிலும், கல்யாண வீட்டிலும், துக்க வீட்டிலும் மேற்பார்வை பார்ப்பவர். நடுவுள்ளவளைக் கட்டியவர் ரொட்டிக்காரர். மூன்றாவது பெண்ணுக்கு நாற்பது நெருங்கியும் இன்னும் 'குட்டி' என்ற பேர்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. அவளைக் கட்டியவர் பள்ளிக்கூட வாத்தியார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் பெண்கள் உள்ளே போனதும் இந்த மூன்று சகலைகளும் வெளியே நாற்காலி போட்டுச் சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். ஆபீசர் பேசிக்கொண்டே தோற்பார். வாத்தியார் பேசாமல் ஜெயிப்பார். ரொட்டிக்காரர் பாதி ஆட்டத்தில் தூங்கிவிடுவார். வாத்தியார்தான் அவர் கையிலிருந்து சீட்டை மெதுவாக உருவி, கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுவார்.

அந்த வாத்தியாரை விட்டுக் குட்டி வருகிறாள். அடியில்லை, குடியில்லை, வேறு பெண் என்ற பேச்சும் இல்லை. "வந்துடறேன்" என்று அக்காக்களுக்குப் போன் பண்ணினாள். அவ்வளவுதான் தெரியும். அவளையும் அவள் சாமான்களையும் ஏற்றி வருவது மாப்பிள்ளைகள் தலையில் விழுந்தது. கார் ரொட்டிக்காரருடையது, யோசனைகள் ஆபீசருடையவை.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மலை. போகும்போது டிரெய்லர் காலியாகத்தான் பின்னால் குதித்துக்கொண்டு வந்தது. மேடு தொடங்கும் இடத்தில் ரொட்டிக்காரர் கியர் லீவரின் பக்கவாட்டில் இருந்த சின்ன பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினார். டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் 'ஓவர்டிரைவ் ஆஃப்' என்று எழுத்து எரிந்தது. என்ஜின் சத்தம் ஒரு படி ஏறியது. ஆபீசருக்கு அது தெரியாது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த மனுஷன் குறட்டை விட, ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற மனுஷன் வண்டி ஓட்டினார்.

அது பழைய ஆட்டோமேட்டிக் வண்டி. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். அதில் நாலாவது, கடைசி கியர்தான் ஓவர்டிரைவ். சமமான நீண்ட ரோட்டில் அதில் விழுந்துவிட்டால் என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் போகும், பெட்ரோலும் மிச்சம். ஆனால் மேட்டிலோ, பின்னால் பாரம் கட்டியோ போனால் அந்தக் கியருக்குத் தாங்கும் தெம்பு கிடையாது. நாலுக்குப் போகும், முடியாமல் மூன்றுக்கு இறங்கும், ஆசை விடாமல் மறுபடி நாலுக்குப் போகும். அப்படி ஏறி இறங்கியே உள்ளே சூடேறி எண்ணெய் கருகிவிடும். பட்டனை அமுக்கி நாலாவதை மறக்க வைத்துவிட்டால் மூன்றிலேயே சலிக்காமல் இழுக்கும். ரொட்டிக்காரர் இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாங்கின புதிதில் ஒரு தடவை கெடுத்து, கை சுட்டுத் தெரிந்துகொண்டது.

வாத்தியார் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை. "சாப்பிட்டீங்களா சகலை?" என்று இருவரையும் கேட்டார். உள்ளே கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அழகான கையெழுத்தில் 'துணி', 'சமையல்', 'குளிருக்கு', 'உடையக்கூடியவை' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"எல்லாத்தையும் நானே கட்டி வெச்சுட்டேன். அவளுக்கு அலைச்சல் வேண்டாம்னு" என்றார்.

தன்னை விட்டுப் போகிறவளுக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுக்க எவனுக்கு மனசு வரும் என்று நினைத்தார் ரொட்டிக்காரர். குட்டி சமையலறையில் காலியான அலமாரிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

"வந்துட்டீங்களா அத்தான்" என்று எழுந்தாள். முகத்தில் அழுத தடம் எதுவும் இல்லை. தூங்காத முகம் மட்டும்தான். தூங்காத முகத்தை ரொட்டிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

துணிமணி பீரோ, வாஷிங் மிஷின், ஒற்றைக் கட்டில், மெத்தை, பெட்டிகள். ஆபீசர் டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்று, "தலைப்பக்கம் திருப்புங்க… இல்ல, கால்பக்கம்… அப்படியே, அப்படியே" என்று காற்றைத் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கியது மற்ற மூன்று பேர். எல்லாம் ஏறியதும் குட்டி கயிற்றை எடுத்து, பீரோவுக்குக் குறுக்கே போட்டு, டிரெய்லர் கம்பியில் சுற்றி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். நல்ல முடிச்சுதான். பலமாக இழுத்தும் பார்த்தாள்.

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போகத் திரும்பினாள். வாத்தியார் வந்தார். அந்த முடிச்சை அவிழ்த்தார், கயிற்றை நேராக்கினார், தன் முடிச்சைப் போட்டார். "இது தளர்ந்துடும்மா" என்று அப்புறம்தான், தணிந்த குரலில் சொன்னார். படியில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

எவ்வளவு நேர்த்தியான முடிச்சு என்று நினைத்தார் ரொட்டிக்காரர்.

கிளம்பும்போது வாத்தியார் கார் ஜன்னல் பக்கம் குனிந்தார். பின்சீட்டில் இருந்தவளிடம், "பெல்ட் போட்டுக்கோ" என்றார். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். அவர் ரொட்டிக்காரர் பக்கம் வந்து கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். 'சகலை' என்ற சொல் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போனதை ரொட்டிக்காரர் பார்த்தார். நாளையிலிருந்து இவர் தனக்கு யார்? அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டாலும் அண்ணன் தம்பிதான். இது இரண்டு அக்கா தங்கையின் கழுத்து வழியாக வந்த உறவு. ஒரு பக்கம் கழன்றால் மொத்தமும் கழன்றது. யாரும் இவர்களைக் கேட்டுச் செய்யவும் இல்லை.

ஊரைத் தாண்டி சமமான ரோட்டில் போகும்வரை ஒன்றுமில்லை. ஆபீசர் இந்தத் தடவை தூங்கவில்லை. மேடு தொடங்கியதும் ரொட்டிக்காரர் பட்டனை அமுக்கினார். ஆரஞ்சு எழுத்து எரிந்தது. பாரம் இருந்ததால் என்ஜின் இந்தத் தடவை நன்றாகவே முழங்கியது.

"என்ன சகலை இது, என்னமோ எரியுது?"

"ஓவர்டிரைவ ஆஃப் பண்ணியிருக்கேன்."

"ஏன்?"

"மேடு. பின்னாடி பாரம் வேற."

"அட, என்கிட்டயும் இதே மாதிரி வண்டி இருந்ததே! பத்து வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் அந்தப் பட்டன தொட்டதில்ல. கம்பெனிக்காரன் ஆன்ல வெச்சுத்தானே கொடுக்கறான்? காரணம் இல்லாமலா? சத்தத்த பாருங்க, மாவு மிஷின் மாதிரி கத்துது. பெட்ரோல் தண்ணியா போகும்."

"பரவால்ல, போகட்டும்."

"பரவால்லயா? என்ஜின் இப்படிக் கத்தினா தேஞ்சு போயிடும் சகலை. சொல்றத கேளுங்க."

ஆபீசர் சமதள ஊர்க்காரர். அந்தப் பத்து வருஷமும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டியவர். மேட்டில் பாரத்தோடு போனது கிடையாது. அதைச் சொல்லலாம். ஏன், எதற்கு, எப்படி என்று விளக்கலாம். ஆனால் ஒன்று சொன்னால் ஆபீசர் மூன்று சொல்வார். மூன்றுக்கும் பதில் சொன்னால் ஒன்பது வரும். அத்தனை சொல்லுக்கு ரொட்டிக்காரர் உடம்பில் தெம்பில்லை. பாதி மூளை எப்போதோ படுக்கப் போய்விட்டது. மீதிப் பாதிதான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வளைவில் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, ஆபீசரின் கை நீண்டு வந்து பட்டனை அமுக்கியது. ஆரஞ்சு எழுத்து அணைந்தது. வளைவு முடிந்து ரோடு கொஞ்சம் நிமிர்ந்ததும் வண்டி நாலாவது கியருக்குப் போனது. சத்தம் அடங்கியது.

"பார்த்தீங்களா? எவ்வளவு அமைதியா போகுது!"

ரொட்டிக்காரர் கட்டைவிரலை லீவர் பக்கம் கொண்டுபோனார். ஆபீசரின் திருப்தியான முகம் கண்ணில் பட்டது. 'சரி, அடுத்த திருப்பம் வரைக்கும் போகட்டும்' என்று கையை எடுத்துவிட்டார்.

அடுத்த திருப்பம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மேடு செங்குத்தாக ஆக ஆக, வண்டி ஏற முடியாமல் மூன்றுக்கு இறங்கி ஒரு தடவை உறுமியது, கொஞ்சம் வேகம் கிடைத்ததும் நாலுக்குப் போய்ச் சோர்ந்தது, மறுபடி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன உதைப்பு. பின்னால் பெட்டிக்குள் பாத்திரங்கள் கிண்ணென்று சத்தம் போட்டன. ரொட்டிக்காரருக்கு அது தூக்கத்தில் யாரோ தோளைத் தட்டித் தட்டி எழுப்புவது போல இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

கருகிய வாடை முதலில் வந்தது குட்டிக்கு. "அத்தான், என்னமோ தீயுது."

"வெளியில எங்கேயோ குப்பை எரிக்கறாங்க" என்றார் ஆபீசர்.

ரொட்டிக்காரரின் மூக்கு பொய் சொல்லாது. ரொட்டி அடிப்பக்கம் கருகப்போவதை அடுப்பைத் திறக்காமலே சொல்லக்கூடியவர். இது குப்பை வாடை இல்லை. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. அலறல் வேறு, வண்டி வேறு என்று இரண்டும் பிரிந்துபோன மாதிரி. டிரெய்லர் மெல்லப் பின்னால் இழுக்கத் தொடங்கியது.

அவருக்குத் தூக்கம் மொத்தமாகத் தெளிந்தது. பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "இறங்கி சக்கரத்துக்குக் கல்லு வைங்க! சீக்கிரம்!" அவர் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து ஆபீசர் கேட்டதில்லை. ஆபீசர் தடுமாறி இறங்குவதற்குள் குட்டி இறங்கி ஓடினாள். ரோட்டோரத்தில் கிடந்த இரண்டு பெரிய கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் திணித்தாள். "வெச்சாச்சு அத்தான்!"

ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் இடுப்பளவு தடுப்புச் சுவர், அதற்கப்பால் வெறும் இறக்கம். அவர்களைக் கடந்து போன லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. ரொட்டிக்காரர் கியரைப் பார்க்கிங்கில் போட்டு, என்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓட விட்டார். அப்படி ஓடினால்தான் உள்ளே எண்ணெய் சுற்றி வந்து சூடு தணியும். பிறகு இறங்கித் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்.

ஆபீசர் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மூடினார். "நான் அப்பவே நினைச்சேன். பழைய வண்டி" என்றார்.

குட்டி சுவரில் ரொட்டிக்காரருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல் தூக்கிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அத்தான், அந்த பட்டன ஆஃப்லதான் வெச்சிருக்கணும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அவர் ஆன் பண்ணினதயும் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

மழுப்ப நினைத்தாலும் அதற்கும் தெம்பு வேண்டும். "சண்டை போடச் சோம்பலா இருந்ததும்மா. ஒரு திருப்பம் போகட்டும்னு விட்டேன்."

குட்டி தலையை ஆட்டினாள். ஆபீசர் முகம் சிவந்து போனார். அவருக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. எதைக் கேட்கக் கூடாது என்று ரொட்டிக்காரரின் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாளோ, அதைக் கேட்டார்.

"சரி, நான்தான் பண்ணினேன், நான்தான் கெடுத்தேன். நீ மட்டும் என்ன குட்டி? தங்கமான மனுஷன். ஒரு சுடுசொல் உண்டா? பெட்டி பெட்டியா கட்டி, பேர் எழுதி ஒட்டி, வாசல்ல நின்னு வழியனுப்பறான். அவன் என்ன குத்தம் பண்ணினான்னு விட்டுட்டு வர்றே? எங்களுக்காவது தெரிய வேண்டாமா?"

"சகலை, விடுங்க" என்றார் ரொட்டிக்காரர்.

"இல்ல அத்தான், கேட்கட்டும்." அவள் டிரெய்லரைக் கைகாட்டினாள். "அந்தக் கயித்துல முதல்ல முடிச்சுப் போட்டது நான். பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் ரொட்டிக்காரர்.

"அவர் அவிழ்த்துட்டு மறுபடி போட்டார். அதயும் பார்த்தீங்க. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது என் துணி, பெரியத்தான். என் உள்பாவாடை வரைக்கும் மடிச்சு வெச்சது அவர். நான் மடிச்சா ஓரம் சேராதாம். பாத்திரம் கழுவி வெச்சா எடுத்து மறுபடி கழுவுவார். திட்ட மாட்டார். அன்பாத்தான் கழுவுவார். கடையில எந்த ஷிப்ட் எடுக்கணும், யார்கிட்ட போன்ல எவ்வளவு நேரம் பேசணும், எல்லாம் அவர் யோசிச்சு வெச்சிருப்பார். முதல்ல எல்லாம் நானும் சொல்லிப் பார்த்தேன். ஒண்ணு சொன்னா பொறுமையா உட்கார வெச்சு விளக்குவார். விளக்கி முடிக்கும்போது எனக்கே நான் சொன்னது தப்புன்னு தோணும். அப்புறம் விட்டுட்டேன். சின்னத்தான் சொன்னாரே, அதேதான். இந்த ஒரு தடவை போகட்டும், இந்த ஒரு தடவை போகட்டும்னு."

ஆபீசர் வாயைத் திறந்தார்.

"கடையில போன மாசம் ஒரு பாட்டி வந்தாங்க. எந்த ஃப்ரேம் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு கேட்டேன். அவங்க டக்குனு ஒண்ண எடுத்தாங்க. எனக்கு அழுகையா வந்துடுச்சு. என்கிட்ட யாராவது அப்படிக் கேட்டா எதை எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது பெரியத்தான். நிஜமாவே தெரியாது. இதைப் போய் யார்கிட்ட என்னன்னு சொல்றது? பாத்திரத்த மறுபடி கழுவறார்னு கோர்ட்ல சொல்ல முடியுமா?"

அவள் குரல் உயரவில்லை. கடையில் வாடிக்கையாளருக்கு லென்ஸ் எண்ணைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆபீசர் போய்க் காரின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், டயரைப் பார்ப்பது போலக் குனிந்து நின்றுகொண்டார்.

ரொட்டிக்காரருக்கு வாத்தியாரின் நேர்த்தியான முடிச்சு கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு விசேஷத்திலும் தன் கையிலிருந்து சீட்டை உருவி வைத்துத் துண்டு போர்த்திவிட்டதும் வந்தது. அது தனக்கு எவ்வளவு இதமாக இருந்தது. ஆனால் தான் வருஷத்துக்கு நாலு நாள் தூங்கினவர். நாளெல்லாம் ஒருவர் கையிலிருந்து சீட்டை உருவிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தது கிடையாது. வாத்தியார் மேல் கோபம் வரவில்லை. அவரை இழந்த வருத்தமும் குறையவில்லை. இரண்டும் அப்படியே அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன.

சூடு தணிந்து, வாடை போனதும் ரொட்டிக்காரர் எழுந்தார். எழுந்தவருக்குக் கண் இருட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சாவிய குடுங்க அத்தான். நான் ஓட்டறேன்" என்றாள் குட்டி.

"டிரெய்லரோடயா? மலையிலயா?" ஆபீசர் டயரை விட்டு வந்துவிட்டார். "நீ வண்டியே ஓட்ட மாட்டியேம்மா!"

"லைசென்ஸ் இருக்கு. ஓட்ட விட்டதில்ல, அவ்வளவுதான்."

ரொட்டிக்காரர் அவளைப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தான் ஓட்டினால் அடுத்த வளைவிலேயே கண் மூடிவிடும், அது இதைவிடப் பயம். ஆபீசரிடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். "சாவி வண்டியிலயே இருக்கு. மெதுவா போ. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினார்.

குட்டி சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் தனக்குத் தகுந்தபடி திருப்பினாள். பட்டனை அமுக்கினாள், ஆரஞ்சு எழுத்து எரிந்தது. ஆபீசர் சக்கரத்துக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "பெரியத்தான், நீங்க என்ன வேணா பேசுங்க, கேட்டுக்கறேன். லீவர் பக்கம் மட்டும் கை வரக் கூடாது."

ஆபீசர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பினார்கள். முதலில் ஒரு குலுக்கல். பிறகு வண்டி பிடித்துக்கொண்டது. மூன்றாவது கியரில் ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டு, பாரம் ஏற்றிய லாரிகள் ஏறும் வேகத்தில், மேடு ஏறியது. உச்சி தாண்டி இறக்கம் வந்தது. அங்கேயும் அவள் பட்டனைத் தொடவில்லை. என்ஜினே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதுமாயிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆபீசரின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ரொட்டிக்காரர் அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது பார்ப்பதை விட்டார் என்று அவருக்குத் தெரியாது.

கண் விழித்தபோது அவர் வீட்டுத் தெரு. வண்டி தெருவுக்குக் குறுக்கே நின்றிருந்தது. டிரெய்லர் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் என்று கோணிக்கொண்டிருக்க, ஆபீசர் கீழே நின்று இரண்டு கையாலும் இரண்டு வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் எடுக்க எத்தனையோ தடவை முயன்றிருக்கிறாள். டிரெய்லர் அவள் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் போனது. அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"வரல பெரியத்தான். எனக்கு இது தெரியல" என்று சொல்லி என்ஜினை அணைத்தாள் குட்டி. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். தோள் குலுங்கியது. ரொட்டிக்காரர் பதறி முன்னால் எட்டிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அல்லது அழுதுகொண்டிருந்தாள், இரண்டும் கலந்துதான் இருந்தது. கடைசியில் டிரெய்லரைக் கொக்கியிலிருந்து கழற்றி, எல்லாருமாகக் கையாலேயே தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆபீசரும் தள்ளினார். அவர் சட்டை முதுகு நனைந்து அன்றைக்குத்தான் பார்த்தார் ரொட்டிக்காரர்.

பீரோ கூடத்திலேயே நின்றுவிட்டது. அறைக் கதவில் நுழையவில்லை. குட்டி அந்த வீட்டில் நாலைந்து மாதம் இருந்தாள். பிறகு இந்த ஊரிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு பிடித்துப் போனாள். கார் பிழைத்தது. மெக்கானிக் பழைய எண்ணெயை வடித்துக் காட்டினார், டிகாஷன் மாதிரி இருந்தது. புதிதாக ஊற்றி, "இனிமே மலைக்குக் கொண்டுபோகாதீங்க, ஊருக்குள்ள ஓடும்" என்றார்.

ஒரு நாள் காலை, வேலை முடிந்து ரொட்டிக்காரர் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தார். முன்பக்கக் கடையில் வரிசையில் வாத்தியார் நின்றிருந்தார். அதே தேய்த்த சட்டை. கொஞ்சம் இளைத்திருந்தார். கையில் பெட்டி இருந்தது. ஏதோ பயிற்சி வகுப்புக்காக இந்த ஊருக்கு வந்திருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிறகு பழக்கம் ஜெயித்தது.

"சகலை" என்றார் வாத்தியார்.

"வாங்க சகலை."

கடை ஓரத்தில் நின்று டீ குடித்தார்கள். "நல்லா இருக்காளா?" என்றார் வாத்தியார்.

"இருக்கா. வேலைக்குப் போறா."

வாத்தியார் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் என்ன தப்புப் பண்ணினேன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன் சகலை. ஒண்ணும் புரியல."

ரொட்டிக்காரருக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. 'தெரியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொன்னா. ஆனா அதை நான் சொல்லக் கூடாது. நீங்க அவகிட்டயே கேளுங்க. இங்க கண்ணாடிக் கடை பக்கத்துல மாடி வீட்டுல இருக்கா. போங்க, வெளியிலயே நின்னு கேளுங்க. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல ஒரு வார்த்தை பேசாதீங்க. அவ சொல்றது தப்புன்னு தோணினாலும் திருத்தாதீங்க."

வாத்தியாருக்கு ஏதோ விளக்கத் தோன்றியது. உதடு பிரிந்தது. ரொட்டிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியார் உதட்டை மூடிக்கொண்டார்.

"சரி" என்றார் கடைசியில். "சரி சகலை."

அவர் போனாரா, கேட்டாரா என்று ரொட்டிக்காரருக்கு வெகுநாள் தெரியவில்லை. குட்டியும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அன்றைக்கு வாத்தியார் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்து போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார்.